வலது இருக்கையின் மணிக்கணக்கு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றி இருக்கின்றன. அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்து, சிறிய சார்ட்டர் நிறுவனங்களில் கோ-பைலட்டாகச் சேர்ந்தவர்கள் பறந்த நேரத்தை லாக்புக்கில் எப்படி எழுதுவது? 2013 ஆகஸ்ட் 1 முதல் அங்கே ஏர்லைனின் வலது இருக்கைக்கே, அதாவது கோ-பைலட் இடத்துக்கே, ஏடிபி என்ற ஏர்லைன் விமானிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அடிப்படை 1500 மணி. அந்த 1500-ஐ நோக்கி ஓடும்போதுதான் தவறான மணிகளும் புத்தகத்தில் ஏறிவிடுகின்றன. பதில்கள் எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிகளின்படி; 61.51 போன்றவை அந்த விதிகளின் எண்கள். பிஐசி என்றால் பொறுப்பு விமானி, எஸ்ஐசி என்றால் துணை விமானி.

சார்ட்டர் நிறுவனம் ஒன்றில் கிங் ஏர் 200-இல் கோ-பைலட்டாக இருக்கிறேன். ஆறு மாதத்தில் 310 மணி எஸ்ஐசி எழுதியிருக்கிறேன். 'அந்த விமானத்துக்கு ஒரு பைலட்டே போதும், உன் மணி எதுவும் செல்லாது' என்கிறார் உடன் படித்த நண்பர். உண்மையா?
– வாசகர், நியூ ஜெர்சி

நண்பர் சொல்வதில் பாதி சரி. கிங் ஏர் 200-இன் டைப் சர்டிஃபிகேட் (அந்த விமான வகைக்கான சான்றிதழ்) ஒரு விமானியை மட்டுமே கேட்கிறது. வலது இருக்கையில் உட்கார்ந்து, ரேடியோ பேசி, செக்லிஸ்ட் படித்தால் மட்டும் எஸ்ஐசி மணி வந்துவிடாது. 61.51-ஆம் விதி கேட்பது ஒன்றுதான்: இந்தப் பறப்புக்கு இரண்டாவது விமானி கட்டாயமா? அந்தக் கட்டாயம் விமானத்தின் சான்றிதழிலிருந்து வரலாம், பறப்பு எந்த விதியின் கீழ் நடக்கிறதோ அதிலிருந்தும் வரலாம். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் அந்தப் பறப்பில் பயணிதான்.

உங்களுக்குக் கைகொடுப்பது 135.101. பார்ட் 135-இன் (சார்ட்டர் பறப்புகளுக்கான விதித் தொகுப்பு) கீழ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஐஎஃப்ஆரில் (கருவிகளை நம்பிப் பறக்கும் விதிகளில்) பறந்தால் இரண்டாவது விமானி வேண்டும் என்கிறது அது. விலக்கு 135.105-இல் இருக்கிறது: நிறுவனத்துக்கு அனுமதி இருந்து, அந்தக் கேப்டனும் அதற்குத் தகுதி பெற்றிருந்தால், துணை விமானிக்குப் பதிலாக ஆட்டோபைலட்டை வைத்துப் பறக்கலாம். அந்த அனுமதி ஓப்ஸ்பெக்கில் (நிறுவனத்துக்கு எஃப்ஏஏ தரும் இயக்க அனுமதி ஆவணம்) ஏ015 என்ற பத்தியில் இருக்கும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஏ015 இருப்பதாலேயே உங்கள் மணி அழிந்துவிடாது. அது நிறுவனத்துக்குக் கிடைத்த சலுகைதான், கட்டாயம் அல்ல. ஆட்டோபைலட்டை நம்பாமல் உங்களைத் துணை விமானியாக நியமித்து அந்தப் பறப்பை அனுப்பியிருந்தால் நீங்கள் கட்டாய விமானி. ஒற்றை விமானிப் பறப்பாக அனுப்பிவிட்டு, சும்மா இருக்கும் இருக்கையில் உங்களை உட்கார வைத்திருந்தால் எஸ்ஐசி இல்லை.

ஆகவே 310 மணியையும் ட்ரிப் ஷீட்டுடன் ஒப்பிட்டு லெக் லெக்காக, அதாவது ஒவ்வொரு தனிப் பறப்பாகப் பிரியுங்கள். பயணிகளோடு ஐஎஃப்ஆர், ஆவணத்தில் எஸ்ஐசி என்று உங்கள் பெயர்: செல்லும். பயணிகளோடு விஎஃப்ஆர் (வெளியே பார்த்துப் பறக்கும் விதிகள்): 135.101 பொருந்தாது, எனவே செல்லாது. சரக்கு மட்டும்: அதேபோல் செல்லாது. பயணியை இறக்கிவிட்டு வெறும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ரீபொசிஷன் லெக், பார்ட் 91-இன் (பொதுவான பறப்பு விதிகள்) கீழ் போனது: எஸ்ஐசியாகச் செல்லாது. பயணியர் இருக்கை 10 அல்லது அதற்கு மேல் அமைத்த விமானம் என்றால் கதை வேறு. பார்ட் 135-இல் அதற்கு இரண்டாவது விமானி எப்படியும் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பறந்த அந்த நாளில் 135.293-படி உங்களுக்கு நடக்கும் விமானிச் சோதனை நடப்பில் இருந்ததா? வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களில், சோதனை முடிவதற்கு முன்பே 'பழகிக்கொள்ள' வலது இருக்கையில் ஏற்றிப் போவது உண்டு. அந்த மணிகள் எதுவும் உங்களுடையவை அல்ல.

வெறும் விமானம் திரும்பிய அந்த லெக்கில் ஓட்டியது நீங்கள்தான் என்றால் வேறொரு வழி இருக்கிறது. கிங் ஏர் 200-இன் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 12,500 பவுண்டு. அந்த எல்லையைத் தாண்டாததால் டைப் ரேட்டிங் (ஒரு விமான வகைக்கான தனித் தகுதி) தேவையில்லை. மல்டி-எஞ்சின் ரேட்டிங் உள்ள நீங்கள் கட்டுப்பாடுகளைக் கையில் வைத்து ஓட்டிய நேரத்தை 'சோல் மானிப்புலேட்டர்' என்ற முறையில் பிஐசியாகவே எழுதலாம். இதே வேலையை கிங் ஏர் 350-இல் செய்ய முடியாது. அதன் எடை 15,000 பவுண்டு. டைப் ரேட்டிங் இல்லாமல் பிஐசி மணி கிடையாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: எஃப்ஏஏ ஏற்கும் பிஐசி வேறு, ஏர்லைன் விண்ணப்பப் படிவம் கேட்கும் பிஐசி வேறு. பல நிறுவனங்கள் 'விமானத்துக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற நேரம் மட்டும்' என்று வரையறுக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

இனிமேல் குறிப்புப் பத்தியில் காரணத்தையும் எழுதுங்கள். ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால்: தேதி, விமான வகையும் பதிவு எண்ணும், டெட்டர்பரோ–நான்டக்கெட், மொத்தம் 1.3, எஸ்ஐசி 1.3; குறிப்பு – 'பார்ட் 135, ஐஎஃப்ஆர், பயணிகள் 5, 135.101-படி எஸ்ஐசி, ட்ரிப் எண் இது'. மூன்று வருடம் கழித்து நேர்முகத் தேர்வில் 'இது ஏன் எஸ்ஐசி?' என்று கேட்டால் பதில் அந்த வரியிலேயே இருக்கும்.

செஸ்னா சைட்டேஷன் 525-இல் வாய்ப்பு வந்திருக்கிறது, தனியார் உரிமையாளர், பார்ட் 91. சிலர் அதில் எஸ்ஐசி எழுதலாம் என்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள்.
– வாசகர், டல்லஸ்

இரண்டு தரப்பும் சரியாக இருக்கலாம். பதில் கேப்டனின் சான்றிதழில் இருக்கிறது. 525-ஐ ஒருவரே ஓட்டவும் அனுமதி உண்டு. ஆனால் அதற்குக் கேப்டனிடம் சிஇ-525எஸ் என்ற ரேட்டிங் இருக்க வேண்டும்; கடைசியில் உள்ள 'எஸ்' ஒற்றை விமானியைக் குறிக்கும். எஸ் இல்லாத வெறும் சிஇ-525 வைத்திருப்பவர் துணை விமானி இல்லாமல் கிளம்பவே முடியாது. அவரோடு பறந்தால் நீங்கள் கட்டாய விமானி. முழு நேரமும் எஸ்ஐசி. எஸ் உள்ளவர், ஒற்றை விமானிக்குரிய கருவிகள் எல்லாம் வேலை செய்யும் நிலையில் பறந்தால் உங்களுக்கு எஸ்ஐசி இல்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அவருடைய கார்டைப் பார்க்கக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எழுதத் தகுதி பெற 61.55-ஐயும் முடித்திருக்க வேண்டும். முந்தைய 12 காலண்டர் மாதங்களுக்குள் அந்த விமான வகையின் அமைப்புகள், செயல்திறன் எல்லைகள், அவசர நடைமுறைகள், ஃப்ளைட் மேனுவல் ஆகியவற்றைப் படித்துப் பழகியிருக்க வேண்டும். நீங்களே ஓட்டி 3 டேக்-ஆஃப், முழுதாக நின்ற 3 லேண்டிங். எஞ்சின் ஒன்று நின்றுபோகும் பயிற்சி, சிஆர்எம் (விமானக் குழு ஒருங்கிணைந்து செயல்படும்) பயிற்சி. இவை லாக்புக்கில் பதிந்து, பயிற்சி தந்தவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஐஎஃப்ஆர் என்றால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கட்டாயம். அமெரிக்க வான்வெளிக்குள் மட்டும் பறந்தால் எஸ்ஐசி டைப் ரேட்டிங் இல்லாமல் முடியும். பஹாமாஸுக்கோ மெக்ஸிகோவுக்கோ ஒரு லெக் போனால் வேண்டும். 61.55 பயிற்சியை முடித்தவர்களுக்கு அந்த ரேட்டிங் செக்ரைட் (பறந்து காட்டும் தேர்வு) இல்லாமலேயே கிடைக்கும் என்பதால் முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

நண்பர் ஹூட் (வெளிப்பார்வையை மறைக்கும் தடுப்பு) போட்டு ஓட்ட, நான் வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட். இருவரும் பிஐசி எழுதலாமா? கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறக்கும்) மணியும் எனக்குச் சேருமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

எழுதலாம், நிபந்தனையோடு. ஓட்டுபவர் சோல் மானிப்புலேட்டராக பிஐசி எழுதுகிறார். ஹூட் போட்டிருக்கும் நேரத்தில் 91.109-படி சேஃப்டி பைலட் கட்டாயம். அந்தப் பறப்பின் பொறுப்பு உங்களுடையது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்திருந்தால் நீங்களும் பிஐசி. பொறுப்பு அவருடையது என்றால் உங்களுக்கு எஸ்ஐசி.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது நேரம். மொத்தப் பறப்பு 1.8 மணி, ஹூட் 1.2 என்றால் உங்கள் புத்தகத்தில் 1.2 மட்டுமே. டாக்ஸி, டேக்-ஆஃப், ஹூட் கழற்றிய பின் லேண்டிங் – அந்த 0.6 உங்களுக்கு இல்லை. இரண்டு பேரும் 1.8 எழுதியிருப்பதை அனுபவமுள்ள பரிசோதகர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். இரண்டாவது தகுதி. பொறுப்பு விமானியாக இருக்க வேண்டுமானால் அந்த விமானத்துக்குரிய எண்டார்ஸ்மென்ட் (இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து அனுமதி), ஃப்ளைட் ரிவ்யூ, மெடிக்கல் எல்லாம் உங்களிடம் நடப்பில் இருக்க வேண்டும். ஹை-பெர்ஃபார்மன்ஸ் (அதிக சக்தி எஞ்சின்) எண்டார்ஸ்மென்ட் இல்லாதவர் அந்த ரக விமானத்தை ஓட்டிய நேரத்தை பிஐசியாக எழுத முடியும். ஆனால் அதில் சேஃப்டி பைலட்டாக இருந்து பொறுப்பேற்க முடியாது.

கிராஸ் கன்ட்ரி சேராது. முழுப் பறப்பிலும் விமானக் குழுவினராக இல்லாதவருக்கு அது இல்லை என்பது எஃப்ஏஏ சட்டப் பிரிவின் நிலை. ஓட்டியவர் தன் புத்தகத்தில் உங்கள் பெயரை எழுத வேண்டும். அது விதியிலேயே உள்ள தேவை.

பிலாட்டஸ் பிசி-12 ஓட்டும் பார்ட் 135 நிறுவனம், 'எங்களிடம் எஸ்ஐசி புரோகிராம் இருக்கிறது, எல்லா மணியும் செல்லும்' என்கிறது. நம்பலாமா?
– வாசகர், டென்வர்

அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது, 2018 முதல். இரண்டாவது விமானி தேவைப்படாத பறப்பிலும் எஸ்ஐசி மணி எழுத 135.99-இன் கீழ் எஃப்ஏஏ அனுமதித்த மேம்பாட்டுத் திட்டம் அது. ஆனால் 'எங்களிடம் இருக்கிறது' என்ற வாய்வார்த்தை போதாது. நிறுவனத்தின் ஓப்ஸ்பெக்கில் அனுமதி அச்சில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் பல எஞ்சின் உடையதாகவோ, ஒற்றை டர்பைன் எஞ்சின் உடையதாகவோ இருக்க வேண்டும். பிசி-12 இதில் அடங்கும். பிஸ்டன் எஞ்சின் ஒன்று மட்டும் உள்ளவை அடங்கா. வலது பக்கத்துக்குத் தனிக் கட்டுப்பாடும், தனி வேகமானி, உயரமானி, ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் முதலிய கருவிகளும் வேண்டும். ஒரே கண்ட்ரோல் வீலை இடமும் வலமும் மாற்றிப் போடும் த்ரோ-ஓவர் அமைப்பு ஏற்கப்படாது. பழைய சில பீச்கிராஃப்ட்களில் இந்தக் காரணத்தாலேயே திட்டம் நடக்காது. உடன் பறக்கும் கேப்டன் அந்த நிறுவனத்தில் குறைந்தது 6 காலண்டர் மாதம் முழுத் தகுதியோடு கேப்டனாக இருந்து, வழிகாட்டிப் பயிற்சியும் முடித்தவராக இருக்க வேண்டும்.

இதில் எல்லோரும் மறப்பது ஒன்று: இந்த மணி 61.159-இன் கீழ் கிடைத்தது என்று கேப்டன் உங்கள் லாக்புக்கிலேயே சான்றளிக்க வேண்டும். கையெழுத்தில்லாத மணி எண்ணிக்கையில் வராது. கேப்டன்கள் சார்ட்டரில் நிற்பதில்லை; ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்து, 200 மணிக்குக் கையெழுத்துக்காக ஊர் ஊராகத் தேட வேண்டாம். அன்றன்றைக்கே, விமானத்தை விட்டு இறங்கும் முன் வாங்குங்கள்.

இந்தத் திட்டத்தில் எழுதிய நேரத்தை, நீங்களே முழுக்க ஓட்டியிருந்தாலும், பிஐசியாக எழுத முடியாது. ஏடிபிக்கு வேண்டிய 250 பிஐசி மணியிலும் அது சேராது. 1500-க்கு உதவும், அவ்வளவுதான். 250-ஐ வேறு வழியில் தேட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து வேலைக்குச் சேருங்கள்.

நேரத்தை எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது? எங்கள் கம்பெனி கணினி காட்டும் நேரத்தை அப்படியே எழுதுகிறேன்.
– வாசகர், அட்லாண்டா

எஃப்ஏஏ வரையறையில் இரண்டு சொற்கள் முக்கியம்: பறக்கும் நோக்கத்தோடு விமானம் 'தன் சொந்த சக்தியால்' நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, இறங்கிய பின் நின்று ஓயும் நொடி வரை. சர்வதேச அமைப்பான ஐகாவோ 'சொந்த சக்தி' என்று சொல்வதில்லை. பறப்பதற்காக முதலில் நகர்ந்த நொடி என்கிறது. கேட்டிலிருந்து டிராக்டர் பின்னால் தள்ளும் நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

ஒரு உதாரணம். புஷ்பேக் 10:02. சொந்த எஞ்சினில் டாக்ஸி தொடங்கியது 10:09. இறங்கிப் பார்க்கிங்கில் நின்றது 12:38. கம்பெனி கணினி புஷ்பேக்கிலிருந்து கணக்கிட்டு 2 மணி 36 நிமிடம், அதாவது 2.6 காட்டும், சம்பளத்துக்கு அது சரி. எஃப்ஏஏ லாக்புக்குக்கு 2 மணி 29 நிமிடம், 2.5. ஒரு லெக்குக்கு 0.1 சின்ன விஷயமாகத் தோன்றும். 600 லெக்கில் அது 60 மணி.

தசமத்தில் எழுதுபவர்கள் 6 நிமிடத்துக்கு 0.1 என்று வையுங்கள். ஒவ்வொரு லெக்கையும் மேல்நோக்கியே முழுமையாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1 மணி 10 நிமிட லெக் நான்கு பறந்தால் உண்மை 4 மணி 40 நிமிடம், 4.7, தனித்தனியே 1.2 எழுதினால் 4.8 ஆகிவிடும். புறப்பாடு, வருகை நேரங்களை யுடிசியில் (உலகப் பொது நேரம்) நிமிடத்தோடு எழுதி, தசமத்தை அதன் பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு. அமெரிக்காவுக்கு வெளியே லைசென்ஸ் மாற்றும்போது அந்த நிமிடங்கள்தான் காப்பாற்றும்.

நைட், இன்ஸ்ட்ருமென்ட், கிராஸ் கன்ட்ரி பத்திகளைக் கோ-பைலட் நிரப்பலாமா?
– வாசகர், ஹூஸ்டன்

நைட்டில் மூன்று கடிகாரம் ஓடுகிறது. விளக்கு போடுவதற்கு சூரிய அஸ்தமனம். லாக்புக்கில் 'நைட்' எழுதுவதற்கு மாலை சிவில் ட்விலைட் (அந்தி வெளிச்சம்) முடிவு. பயணிகளோடு பறக்கத் தேவையான இரவு லேண்டிங் கணக்குக்கு அஸ்தமனம் ஆகி 1 மணி நேரம். ஊரில் அஸ்தமனம் மாலை 6:00, ட்விலைட் முடிவு 6:27 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6:40-க்கு இறங்கினால் 13 நிமிடம் நைட் மணி உண்டு. அந்த லேண்டிங் இரவு லேண்டிங்காக எண்ணப்படாது. கட்டாய எஸ்ஐசியாக இருந்த நேரம் இருட்டில் கழிந்தால் நைட் மணி உங்களுக்கும் உண்டு. லேண்டிங் மட்டும் ஓட்டியவருக்கே.

இன்ஸ்ட்ருமென்ட் பத்தியில்தான் அதிகம் மிகைப்படுத்துகிறார்கள். ஐஎஃப்ஆர் ஃப்ளைட் பிளான் போட்டதால் இன்ஸ்ட்ருமென்ட் நேரம் வராது. கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டிய நிமிடங்கள்தான் அது. 1.4 மணி லெக்கில் 0.3 மேகத்துக்குள் போயிருந்தால் 0.3. நீல வானத்தில் 1.4-ஐயும் எழுதிய புத்தகத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அப்ரோச்சையும் (கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நெருங்குவது) ஓட்டியவரே எழுத வேண்டும். இடமும் வகையும் சேர்த்து.

கிராஸ் கன்ட்ரிக்கு ஏடிபி வரையறை தாராளமானது: புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் போயிருந்தால் போதும், அங்கே இறங்க வேண்டியதில்லை. கமர்ஷியலுக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் அங்கே இறங்கியிருக்க வேண்டும். ஆகவே இரண்டு தனிப் பத்திகள். ஏடிபிக்கு 500 மணி கிராஸ் கன்ட்ரி, 100 நைட், 75 இன்ஸ்ட்ருமென்ட் தேவை. 250 பிஐசிக்குள் 100 கிராஸ் கன்ட்ரியும் 25 நைட்டும் அடங்க வேண்டும். அந்த 25-தான் பலருக்கும் கடைசியில் குறைகிறது.

நீண்ட தூரப் பறப்பில் மூன்று விமானிகள். நான் பங்க் என்ற ஓய்வுப் படுக்கையில் தூங்கிய நேரத்தையும் எழுதலாமா?
– வாசகர், சான் ஃபிரான்சிஸ்கோ

கூடாது. எஸ்ஐசி எழுத, விமானியின் இருக்கையில் இருக்க வேண்டும். 12.5 மணிப் பறப்பில் 4.2 மணி ஓய்வறையில் இருந்தால் 8.3 எழுதுங்கள். பொறுப்புக் கேப்டன் தூங்கினாலும் பொறுப்பு அவரிடமே இருப்பதால் அவர் முழு நேரமும் பிஐசி எழுதலாம். இதைப் பார்த்துத்தான் கோ-பைலட்களும் முழுதாக எழுதிவிடுகிறார்கள். பார்ட் 117 பணிநேர வரம்புக்கான கம்பெனிக் கணக்கு வேறு, அதை லாக்புக்கோடு குழப்ப வேண்டாம்.

கோவையிலிருந்து வந்து ஃபுளோரிடாவில் பயில்கிறேன். இங்கே எழுதும் பிஐசி மணி இந்தியாவில் லைசென்ஸ் மாற்றும்போது அப்படியே எடுக்கப்படுமா?
– வாசகர், ஆர்லாண்டோ

அப்படியே எடுக்கப்படும் என்று நம்பி எழுதாதீர்கள். நீங்கள் ரேட்டிங் பெற்ற விமானத்தில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்து பாடம் நடக்கும்போதே, ஒரே மணியை டூயலாகவும் (இன்ஸ்ட்ரக்டருடன் பயின்ற நேரம்) பிஐசியாகவும் எழுத எஃப்ஏஏ விடுகிறது. ஐகாவோ முறையில் பிஐசி என்பவர் அந்தப் பறப்புக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட ஒருவர்தான். இன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அவர் பிஐசி, உங்களுக்கு டூயல். சேஃப்டி பைலட் வைத்து இருவரும் பிஐசி எழுதிய மணிக்கும் இதே கதி. இந்தியக் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி, அதில் 100 பிஐசி. எஃப்ஏஏ புத்தகத்தில் 130 பிஐசி காட்டி ஊருக்குத் திரும்பியவர், இரட்டை எண்ணிக்கையைக் கழித்ததும் 100-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். பிறகு அந்த மணிகளைப் பறந்து சேர்க்கும் செலவு குடும்பத்தின் தலையில் விழும்.

இன்றைக்கே மூன்று பத்தி வகுத்துக்கொள்ளுங்கள்: தனியாக ஓட்டியது, டூயல், எஃப்ஏஏ பிஐசி. மூன்றாவது பத்தி அமெரிக்கக் கணக்குக்கு மட்டும். சேஃப்டி பைலட் நேரத்துக்குக் குறிப்பில் தெளிவாக 'சேஃப்டி பைலட்' என்று எழுதுங்கள். 100-ஐத் தனியாக ஓட்டிய மணியிலிருந்தே நிரப்பத் திட்டமிடுங்கள். ஒவ்வொரு டூயல் பாடத்துக்கும் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து, சான்றிதழ் எண், அவருடைய அண்மை அனுபவத் தகுதி முடியும் தேதி (பழைய சான்றிதழ் என்றால் காலாவதித் தேதி) இருக்கட்டும். பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் விமான வாரியாக மொத்த மணிக்குப் பள்ளியின் முத்திரையோடு கடிதமும், டிஸ்பாட்ச் பதிவின் நகலும் வாங்குங்கள். ஊர் வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

பழைய பக்கங்களில் தவறாக எழுதியதை இப்போது கண்டுபிடித்தேன். திருத்தினால் சந்தேகம் வருமா?
– வாசகி, சிகாகோ

திருத்தாமல் விட்டால்தான் ஆபத்து. வைட்னர் வேண்டாம், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் உள்ளது படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், தேதி, உங்கள் சுருக்கொப்பம். பக்கங்கள் நிறைய என்றால் பழையவற்றைத் தொடாமல், இன்றைய பக்கத்தில் ஒரு திருத்த வரி போடலாம்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த விமானம், எத்தனை மணி கழிக்கப்படுகிறது, ஏன் என்று. மொத்தத்திலிருந்தும் எஸ்ஐசியிலிருந்தும் இரண்டிலும் கழிக்க மறக்காதீர்கள். ஒன்றில் மட்டும் கழித்தால் பத்திகள் ஒட்டாது.

நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழைக்கும் பொய்ப் பதிவுக்கும் உள்ள தூரம் பெரியது. வேண்டுமென்றே பொய்யாக எழுதினால் எஃப்ஏஏ விதிப்படி உங்கள் எல்லாச் சான்றிதழ்களும் பறிபோகலாம். பறிபோனால் பொதுவாக ஓராண்டு வரை மீண்டும் விண்ணப்பிக்கவே முடியாது. ஏடிபி விண்ணப்பத்தில் எண்களை நிரப்புவதற்கு முன்பே திருத்தங்களை முடியுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பின் அந்த எண்ணுக்கு நீங்கள் பொறுப்பு.

சுருக்கமாகச் சில

ஜம்ப் சீட்டில் (காக்பிட்டில் உள்ள கூடுதல் இருக்கை) உட்கார்ந்து கவனித்த நேரம்? (சியாட்டில்) எழுத இடமில்லை.

சிமுலேட்டர்? (டாம்பா) தனிப் பத்தி. மொத்தப் பறப்பு நேரத்தில் கூட்டாதீர்கள். ஏடிபிக்கு விதி அனுமதிக்கும் அளவு மட்டும் விண்ணப்பத்தில் தனியாகக் காட்டப்படும்.

எல்லாப் பறப்பையும் எழுதியே ஆக வேண்டுமா? (பாஸ்டன்) இல்லை. சான்றிதழுக்கும் ரேட்டிங்குக்கும் காட்டும் பயிற்சி, அனுபவம், அண்மைப் பறப்புத் தகுதி ஆகியவற்றை எழுத வேண்டும் என்பதே விதி. ஆனால் ஏர்லைனில் சேர்ந்ததும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். பார்ட் 121-இல் (ஏர்லைன்களுக்கான விதித் தொகுப்பு) கேப்டனாக உயர 1000 மணி அனுபவம் கேட்கிறார்கள். பார்ட் 121 கோ-பைலட் மணி அதில் நேராகச் சேரும். நிறுவனம் மாறும்போது உங்கள் கையில் சொந்தப் பதிவு இருந்தால் பழைய கம்பெனியின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

செயலியில் மட்டும் வைத்தால் போதுமா? (ராலே) எஃப்ஏஏவுக்குப் போதும். பயிற்சிக் கையெழுத்துகளும் எண்டார்ஸ்மென்ட்களும் உள்ள காகிதப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். செயலியிலிருந்து மாதம் ஒருமுறை முழுக் கோப்பையும் இறக்கி, வேறு இடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.